தொடைப்பட்டையில் ஆவாரம்பூ

ஜூன் 10, சனி

இன்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

புதிய காலிப்பருக்கு அளவு கொடுக்க ஆஸ்பத்திரிப் பட்டறைக்குப் போயிருந்தேன். இரண்டு வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனதிலிருந்து எனக்கு இது ஏழாவது காலிப்பர். இரண்டு பக்கமும் கம்பி, கீழே பூட்ஸ், முட்டியில் ஒரு லாக், மேலே தொடையைச் சுற்றி ஒரு தோல் பட்டை. பழையதின் லாக் தேய்ந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை தம்பி செழியனின் நிச்சயதார்த்தத்தில், பெண் வீட்டார் அத்தனை பேர் முன்னாலும், நான் பழத்தட்டோடு நடந்துகொண்டிருக்கும்போது அது கழன்றது. நான் ஒரு பக்கம், தட்டு ஒரு பக்கம். ஆரஞ்சுப் பழங்கள் பெண் வீடு, மாப்பிள்ளை வீடு என்று பார்க்காமல் எல்லார் காலடியிலும் உருண்டன. "தரை வழுக்கிடுச்சு" என்று அம்மா எல்லாரிடமும் சொன்னாள். தரையில் விரித்திருந்தது சொரசொரப்பான ஜமக்காளம்.

பட்டறைக்கு மாஸ்டர் புதிது. பெயர் சத்தியநேசன். என் வயதுதான் இருக்கும், முப்பத்தேழு முப்பத்தெட்டு. என் பழைய தொடைப்பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் முன்பக்கம் உள்ளங்கை அளவுக்கு ஓரிடம் கறுத்து மினுங்குகிறது.

"எப்பவும் தொடையில கைய ஊனித்தான் நடப்பீங்களா மேடம்?"

"ஊனலன்னா முட்டி மடங்கிடும்."

"லாக் நல்லா இருந்தா மடங்காது."

"லாக்குக்குத் தெரியும் மாஸ்டர். கைக்குத் தெரியணுமில்ல? முப்பத்தஞ்சு வருஷப் பழக்கம்."

இதோடு நிறுத்தியிருக்கலாம். "இந்த வாட்டியாவது பட்டையில ஒரு பூப் போட்டுத் தரக்கூடாதா? வாழ்நாள் பூரா குதிரைக்குச் சேணம் கட்டற மாதிரியே கட்டிகினு இருக்கேன்" என்றேன். பூப் போடுவது இங்கே வேலை இல்லை, ஆள் நிற்பதுதான் வேலை என்றார். "தோலுல ஒரு பூ. எவ்ளோ கஷ்டம் இருக்கப்போவுது?" என்றேன். "அப்ப நீங்களே போடுங்க. தம்பி கல்யாணத்துக்கு வேணும்னீங்களே, அதுக்குள்ள போட்டுக் குடுத்தீங்கன்னா அதையே தைக்கிறேன்" என்றார். வரிசையில் பத்துப் பேர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கல்யாணம் ஆகஸ்ட் 20, ஆவணி முதல் முகூர்த்தம். அன்று நான் மணமேடையில் நிற்க வேண்டும். தம்பி தாலியில் ஒரு முடிச்சுப் போட்டதும் மற்ற இரண்டு முடிச்சையும் நாத்தனார் போட வேண்டும். செழியனுக்கு உடன்பிறந்தவள் நான் ஒருத்திதான்.

ஜூன் 11, ஞாயிறு

தோலுக்கு எங்கள் பக்கம் பஞ்சமா? ராணிப்பேட்டையில் ஷூவுக்கு வெட்டி மீந்த துண்டுகளைக் கிலோ கணக்கில் விற்கிறார்கள். ஒரு பை வாங்கி வந்தேன். துவைத்துப் பழகிய புடவை மாதிரி மெத்தென்று இருக்கிறது. ஆணிகளின் தலையைச் சிமெண்டுப் படியில் தேய்த்து ஒன்றைப் பிறை மாதிரியும் ஒன்றைப் பொட்டு மாதிரியும் ஆக்கினேன். தோலை நனைத்து, தாமரை வரைந்து, கோட்டின்மேல் ஆணியை வைத்துத் தட்டினேன். இரண்டு மணி நேரத்தில் எட்டு இதழ்களும் அழகாக இறங்கிவிட்டன. முதல் நாளே! மாஸ்டர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஜூன் 12, திங்கள்

பூவைக் காணோம். காய்ந்ததும் அடித்த இடமெல்லாம் எழும்பிக்கொண்டு, தோல் ஒன்றும் தெரியாத மாதிரி கிடக்கிறது.

ஜூன் 17, சனி

மாஸ்டர் சிரித்தார். அதுவும் அடக்கிக்கொண்டு சிரித்தார். அதுதான் எனக்கு எரிச்சல்.

"இது குரோம் தோலு மேடம். மருந்துல பதம் பண்ணது. இன்னா அடிச்சாலும் எழுந்துக்கும். அடிச்சது அடிச்ச மாதிரி நிக்கணும்னா மரப்பட்டையில பதம் பண்ண தோலு வேணும். காலிப்பருக்கு நாங்க போடறது அதான்."

"இதப் போன வாரமே சொல்லியிருக்கலாமில்ல?"

"எவ்ளோ கஷ்டம் இருக்கப்போவுதுன்னு நீங்கதான கேட்டீங்க."

பட்டைத்தோல் துண்டுகள் ஒரு பை நிறையக் கொடுத்தார். தடிமன், பிஸ்கெட் நிறம். முகர்ந்தால் காய்ந்த மரத்தின் வாசனை. ஆவாரம்பட்டையில் ஊறப்போடுவார்களாம். தோல் பதனிடும் ஷாப்புகளின் நாற்றத்திலேயே பிறந்து வளர்ந்தவள் நான். வாழ்நாள் முழுக்கத் தோலைக் காலில் கட்டிக்கொண்டிருப்பவளும் நான். அதில் இரண்டு வகை உண்டென்பது இன்றைக்குத்தான் தெரிகிறது. வெட்கமாக இருந்தது.

மாஸ்டர் மதியத்துக்குப் புளிச்சோறு வைத்திருந்தார். தானே சமைப்பாராம். நிறத்தைப் பார்த்தாலே தெரிந்தது, புளி போதவில்லை.

ஜூன் 20, செவ்வாய்

தோலுக்கு அடியில் கல் இருந்தால்தான் அடி ஒழுங்காக இறங்குகிறது. எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே கல் அம்மி. மிக்சி வந்து இருபது வருஷமாகிறது, அம்மியில் யாரும் எதையும் அரைப்பதில்லை. ஆனாலும் இன்று அம்மா ஆடித் தீர்த்துவிட்டாள்.

"சாமி படம் மாட்டியிருக்கிற வூட்டுல, அம்மிக்கல்லு மேல தோலை வெச்சு அடிக்கறியே, நீ உருப்படுவியா?"

"முப்பத்தஞ்சு வருஷமா என் கால்ல கட்டிகினு சாமி ரூம் வரைக்கும் வருதே, அது இன்னாம்மா? வாழைமட்டையா?"

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார். அம்மி எனக்குக் கிடைத்தது. இரும்புச் சுத்தியால் அடித்தால் ஆணி துள்ளுகிறது என்பதால் பருப்பு கடையும் மத்தையும் எடுத்துக்கொண்டேன். அது இன்னும் அம்மாவுக்குத் தெரியாது.

ஜூன் 25, ஞாயிறு

ஒரு வாரமாக ஈரத்தோடுதான் மல்லுக்கட்டு. அதிகம் நனைத்தால் தோல் குழைந்து கோடு அகன்றுவிடுகிறது. குறைத்து நனைத்தால் கோடு இறங்கவே மறுக்கிறது. இன்று கன்னம் அரித்தது. கையில் தோல் இருந்ததால் தோலாலேயே கன்னத்தைத் தேய்த்தேன். ஜில்லென்று இருந்தது, ஆனால் கன்னத்தில் ஈரம் ஒட்டவில்லை. அப்படியே வைத்து அடித்துப் பார்த்தேன், கோடு கத்தியால் வெட்டினாற்போல் இறங்கியது. இனி கன்னம்தான் எனக்கு அளவு.

தாமரை முடிந்தது. அப்பா எடுத்துப் பார்த்து, "பூண்டு நல்லா வந்திருக்கே" என்றார். அவர் கேலி செய்யவில்லை, நிஜமாகவே பாராட்டினார்.

ஜூலை 1, சனி

அடித்த துண்டுகள் எல்லாவற்றிலும் கறுப்புக் கறை. அம்மியின் சாபம் என்கிறாள் அம்மா. மாஸ்டர் பார்த்தவுடன் சொன்னார்: "இரும்பு. ஈரமா இருக்கறப்ப பட்டைத்தோலுல இரும்பு பட்டா கறுத்துடும். ஆணிய விடுங்க, உங்க போர் தண்ணியிலயே இரும்பு இருக்கும்." உண்மைதான். எங்கள் பக்கெட் எல்லாம் உள்ளே செம்மண் நிறம்.

பித்தளைக் கம்பியை நறுக்கி ஆறு துண்டு கொடுத்தார். முனைகளைத் தானே அரம் போட்டு மழுக்கி வைத்திருந்தார். நான் வருவதற்கு முன்பே செய்து வைத்தது. இனிமேல் தோலுக்குக் கேன் தண்ணீர்தான். மனுஷருக்குக் கொடுக்கிற மரியாதை.

ஜூலை 4, செவ்வாய்

இட்லிச் சட்டி கறுத்தால் எலுமிச்சை மூடியால் தேய்ப்போம். தோலிலும் தேய்த்தேன். கறை போய்விட்டது! முழுதும் போகவில்லை, முக்கால்வாசி.

ஜூலை 8, சனி

எலுமிச்சை விஷயம் மாஸ்டருக்குத் தெரிந்திருக்கவில்லை. நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

தாமரையை விட்டுவிட்டேன். ரயில்வே லைன் ஓரம் ஆவாரஞ்செடி மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறது. ஒரு கொத்துப் பறித்து வந்து மேஜைமேல் வைத்துப் பார்த்து வரைந்தேன். ஐந்து இதழ், பக்கத்துக்கொன்றாகச் சின்ன இலைகள். இந்தத் தோலைப் பதப்படுத்திய பட்டையின் பூவே இதில் இருக்கட்டும். வரைய வரைய ஒன்று புரிந்தது. இதழை என்னதான் செய்தாலும் மேலே தூக்க முடியாது. சுற்றியிருக்கும் தோலை அடித்து அடித்துத் தாழ்த்தினால்தான் இதழ் எழும்பித் தெரிகிறது. இத்தனை நாள் பூவையே போட்டு அடித்துக்கொண்டிருந்தேன், அதனால்தான் பூண்டு.

பட்டறைக்குப் போக எதற்கு மல்லிகை என்று அம்மா கேட்டாள். இன்று பூ விலை குறைவு.

ஜூலை 16, ஞாயிறு

பத்திரிகை அச்சாகி வந்தது. பெரியப்பா வீட்டிலிருந்து எல்லாரும் வந்திருந்தார்கள். நான் பின்கட்டில் இலைக்கு நரம்பு அடித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் அம்மா பேசியது கேட்டது.

"முடிச்சுப் போட ரெண்டு கையும் வேணுமில்ல. கோதைக்கு ஒரு கை எப்பவும் தொடையிலதான இருக்குது. நிச்சயதார்த்தத்துல வுழுந்த மாதிரி தாலி கட்டற நேரத்துல வுழுந்துட்டா, எம்புள்ளைக்கும் நல்லதில்ல, அவளுக்கும் காலத்துக்கும் கெட்ட பேரு. யமுனாவே போட்டுடட்டும்."

யமுனா பெரியப்பா மகள். அவளும் செழியனுக்கு அக்கா முறைதான். நல்ல பெண், முடிச்சு நன்றாகப் போடுவாள். அம்மா சொன்னதில் பொய் எதுவும் இல்லை. இன்று நான்கு இலை அடித்தேன். நான்கும் கிழிந்துவிட்டன.

ஜூலை 17, திங்கள்

தோலைத் தொடவில்லை.

ஜூலை 18, செவ்வாய்

தொடவில்லை. நான் வேலை பார்க்கும் இ-சேவை மையத்தில் நாள் முழுக்க சர்வர் இல்லை. வந்தவர்கள் அத்தனை பேரும் என்னைத் திட்டிவிட்டுப் போனார்கள். வசதியாக இருந்தது. நானும் எல்லாரையும் திட்டினேன்.

ஜூலை 20, வியாழன்

செழியன் பிஸ்தா ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு வந்தான். அப்போதே தெரிந்துவிட்டது.

"அக்கா, அம்மா பயப்படறாங்கக்கா. நீ முன்னாடி சேர்ல உக்காரு. போட்டோல நல்லா வருவ."

"சரிடா" என்றேன். ஐஸ்கிரீம் முழுவதையும் நானே சாப்பிட்டேன்.

எனக்கு வலிக்கிறது. எழுதிவிட்டேன். அவன் பிறந்தபோது எனக்கு எட்டு வயது. இடுப்பில் தூக்கிக்கொண்டு சுற்ற என்னால் முடியவில்லை. மடியில் போட்டுச் சோறு ஊட்டினேன், எழுத்து சொல்லிக்கொடுத்தேன், பள்ளிக்கூடத்துக்கு ஷூ லேஸ் கட்டிவிட்டேன். அவன் கல்யாணத்தில் ஒரு ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து போட்டோவில் நன்றாக வருவதற்கு நான் என்ன பூந்தொட்டியா?

ஜூலை 22, சனி

புதுக் காலிப்பரின் கம்பியும் லாக்கும் தயார். தொடைக்கு இப்போதைக்குக் கேன்வாஸ் பட்டை கட்டிக் கொடுத்தார் மாஸ்டர். லாக் 'டக்' என்று விழுகிறது. நல்ல சத்தம்.

பூ எந்த இடத்தில் வர வேண்டும் என்று கேட்டார். பழைய பட்டையை எடுத்து, உள்ளங்கை பட்டுக் கறுத்த இடத்தைக் காட்டினேன்.

"அங்க போட்டா நிக்காது மேடம். தெனமும் நூறு வாட்டி கை தேய்க்கும். ஒரே வருஷத்துல இதழெல்லாம் மழுங்கிடும்."

"கை வெக்கலன்னா?"

மாஸ்டர் என் முகத்தைப் பார்த்தார். அவரிடம் கல்யாணத் தேதியைத் தவிர வீட்டு விஷயம் எதையும் நான் சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்றுதான் போனேன், ஆனால் சொல்லிவிட்டேன். யமுனா, பத்திரிகை, ஐஸ்கிரீம், எல்லாம். கேட்டு முடித்ததும் லாக்கை இன்னொரு முறை போட்டு, தன் முழு பலத்தோடு கம்பியை மடக்கப் பார்த்தார். மடங்கவில்லை. "இது என் பொறுப்பு. கை உங்க பொறுப்பு" என்றார்.

ஆகையால் பூ அந்த இடத்தில்தான். யமுனா முடிச்சுப் போடப் போவதில்லை. இதை இன்னும் நான் யாருக்கும் சொல்லவில்லை.

ஜூலை 23, ஞாயிறு

கையை ஊன்றாமல் கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை. மூன்றாவது அடியில் கை தானாகப் போய்விட்டது. பத்து முறை நடந்தேன், பத்து முறையும் போனது. கை நாய்க்குட்டி மாதிரி சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது.

ஜூலை 26, புதன்

மார்க்கெட்டுக்கு இரண்டு கையிலும் பை எடுத்துக்கொண்டு போனேன். பை இருந்தால் கை எங்கே போகும்? தக்காளிக்காரம்மா, "இன்னா கோதை, ஜோரா நடக்கற" என்றாள். ஒரு கிலோ அதிகம் வாங்கிவிட்டேன்.

ஜூலை 30, ஞாயிறு

நிஜப் பட்டை. மாஸ்டர் என் தொடை அளவுக்குக் கச்சிதமாக வெட்டிக் கொடுத்திருந்தார். காலையில் உட்கார்ந்தவள் சாயங்காலம்தான் எழுந்தேன். நடுவில் பெரிய பூ, அதைச் சுற்றி மூன்று சின்னப் பூ, ஒரு மொட்டு, பதினோரு இலை. ஒரு அடிகூடப் பிசகவில்லை. அம்மா மத்தைத் தேடிக்கொண்டு வந்தாள். என் கையில் பார்த்தாள். திட்ட வாயெடுத்தவள், தோலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்க் கரண்டியால் பருப்பை மசித்தாள்.

எனக்குக் கை இருக்கிறது. கால் சரியில்லை என்பதையே முப்பத்தஞ்சு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்களே, எனக்கு எப்படிப்பட்ட கை இருக்கிறதென்று ஒருவராவது சொன்னார்களா?

ஆகஸ்ட் 5, சனி

பட்டை தொளதொளவென்று நிற்கிறது. அரை அங்குலம் பெரிதாகிவிட்டது.

அடிக்க அடிக்கத் தோல் விரிந்திருக்கிறது. முதலில் பூவை அடித்து, காயவைத்து, அதற்குப் பிறகுதான் அளவுக்கு வெட்டியிருக்க வேண்டும். வெட்டிவிட்டு அடித்தோம். ஓரத்தைக் குறைக்கலாமென்றால் பக்கிள் வரும் இடத்தில் இலைகள் போய்விடும், பூவும் நடுவில் நிற்காது. தொளதொளவென்ற பட்டையில் லாக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கால் உள்ளே ஆடும். ஆடினால் கை போய்விடும்.

"என் தப்பு" என்றார் மாஸ்டர். "நான் வெறும் பட்டை வெட்டியே பழகினவன். அடிச்சா விரியும்னு தோணவே இல்ல."

"என் தப்பும்தான். எனக்கும் தோணல."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் தப்பை மாறி மாறிப் பிடுங்கிக்கொண்டோம். அப்புறம் அவர் உள்ளே போய்க் கடைசியாக இருந்த பெரிய துண்டைக் கொண்டுவந்தார். முதுகுத்தோல், பழையதைவிடத் தடிமன். அடுத்த தோல் செப்டம்பரில்தான் வரும். "வெறும் பட்டையாவே இத வெட்டி இன்னைக்கே தெச்சுடட்டுமா? கல்யாணத்துக்கு நேரம் இல்ல. யோசிச்சு சொல்லுங்க" என்றார்.

யோசித்தேன். பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டுத் திரும்பி வந்து வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

வெட்டவில்லை. முழுத் துண்டிலேயே வரைந்துவிட்டேன். கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், இன்னும் ஈரம் அதிகம். காத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 7, திங்கள்

வேலை விட்டு வந்து பெரிய பூவின் இரண்டு இதழ்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

மீதி மூன்று இதழ். இடது கட்டைவிரலில் மத்து இறங்கிவிட்டது. நகம் நீலம். இதழுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆகஸ்ட் 9, புதன்

இலைகள். போன தடவை பதினொன்று. இந்தத் தடவை தடிமனான தோல், அடி ஆழமாக இறங்குகிறது. அதனால் பதினைந்து.

ஆகஸ்ட் 10, வியாழன்

முடிந்தது. நிழலில் காய்கிறது. அம்மா நாலு தடவை அந்தப் பக்கம் போய் வந்தாள்.

ஆகஸ்ட் 12, சனி

மாஸ்டர் அளவு வைத்து வெட்டினார், தைத்தார், பக்கிள் போட்டார். போட்டுக்கொண்டேன். கச்சிதம்! பட்டறையில் இருந்தவர்கள் எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். சுடிதாருக்கு மேலேயே கட்டியிருந்ததால் நன்றாகத் தெரிந்தது. மாஸ்டர் இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார். முகம் மாறியது.

"மேடம், பூ தலைகீழா இருக்குதே!"

குனிந்து பார்த்தேன். எனக்கு நேராகத்தான் இருந்தது. அப்போதுதான் புரிந்தது. எப்போதும் மேலே இருந்து பார்த்துப் பழகியவள், காம்பு இடுப்புப் பக்கமாகவும் பூ முட்டிப் பக்கமாகவும் வரைந்திருக்கிறேன். எதிரில் நிற்பவருக்கு எல்லாம் தலைகீழ். சத்தியமாக நான் இதை யோசிக்கவே இல்லை. ஆனால் அதை ஏன் மாஸ்டரிடம் சொல்ல வேண்டும்?

"எதிர்ல நிக்கறவங்களுக்காகப் போடல மாஸ்டர். எனக்குப் போட்டது" என்றேன்.

வரிசையில் இருந்த ஒரு பெண், பத்து வயதுப் பையனுக்குக் காலிப்பர் வாங்க வந்தவள், அவனுக்கும் இதுபோல் போடலாமா என்று கேட்டாள். அந்தப் பையன் பூ வேண்டாம், புலி வேண்டும் என்றான். புலி இன்னும் கற்றுக்கொள்ளவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

வீட்டில் பத்திரிகை ஒன்று மிச்சம் இருந்தது. வீணாகப் போகிறதே என்று மாஸ்டருக்குக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

லீவு. காலை டிபன் முடிந்ததும் அம்மாவிடம் சொன்னேன்: "முடிச்சு நான்தான் போடுவேன்."

அம்மா தட்டுகளை அடுக்கிக்கொண்டே, "யமுனாகிட்ட சொல்லியாச்சு" என்றாள்.

"மாத்தி சொல்லு."

"வுழுந்தா?"

"வுழ மாட்டேன்."

"அன்னைக்கும் வுழுவேன்னு சொல்லிட்டா வுழுந்த?" அம்மா தட்டுகளைக் கீழே வைத்தாள். "எல்லாரும் பாத்தாங்கடி. நீ கீழ கெடக்கற, பழத்தைப் பொறுக்கறாங்க. உன்னைத் தூக்கறதா பழத்தைத் தூக்கறதான்னு தெரியாம நின்னேன். இன்னொரு வாட்டி என்னால அதப் பாக்க முடியாது."

இத்தனை நாள் சகுனம், நல்ல பேரு கெட்ட பேரு என்று பேசியவள், இன்றுதான் நிஜத்தைச் சொன்னாள். கூடத்தின் நடுவில் போய் நின்றேன், பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாத இடமாகப் பார்த்து. லாக்கைப் போட்டேன். இரண்டு கையையும் தொங்கவிட்டேன். அப்படியே நின்றேன். கடிகாரத்தில் பெரிய முள் மூன்றிலிருந்து ஐந்துக்குப் போனது. கை போகவில்லை.

அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பூக்கட்டும் நூலை எடுத்து வந்தாள். முக்காலியை என் முன்னால் போட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நூலைத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டு, இரண்டு முனையையும் பின்னால் நீட்டினாள். "போடு பாக்கலாம்."

குனிந்து போட்டேன். கை ஆடவில்லை, கால் ஆடவில்லை. "இன்னொண்ணு" என்றாள். போட்டேன். அவிழ்த்துவிட்டு மறுபடி போட்டேன். எத்தனை முறை என்று எண்ணவில்லை. அம்மாவின் பின்கழுத்தில் இவ்வளவு நரை இருப்பதை இன்றுதான் பார்த்தேன்.

"இறுக்காதடி, கழுத்து வலிக்குது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். சமையலறையிலிருந்து பெரியம்மாவுக்குப் போன் செய்யும் சத்தம் கேட்டது.

ஆகஸ்ட் 21, திங்கள்

நேற்றைய கதையை இன்று எழுதுகிறேன். நேற்று எழுத நேரமில்லை, எல்லாரோடும் பேச வேண்டியிருந்தது.

மேடைக்கு மூன்று படி, கைப்பிடி இல்லை. நல்ல காலை முதலில் வைத்து ஏறினேன். யமுனா முன்னாடியே மேலே இருந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று அம்மா அவளையும் பக்கத்தில் நிற்கச் சொல்லியிருக்கிறாள். அதற்கு எனக்குக் கோபம் வரவில்லை. பெற்றவள் அப்படித்தான் செய்வாள்.

மணப்பெண் வினோதினிக்குப் பின்னால் போய் நின்றேன். ஐயர் தாலியைத் தேங்காய்மேல் வைத்து எல்லாரிடமும் காட்டி வாங்கி வந்தார். கெட்டிமேளம் கெட்டிமேளம் என்றதும் ஒரே இரைச்சல். அட்சதை மழை. பின்னாலிருந்து கூட்டம் நெருக்கியது. என் இடது கை, போக்கிரி, நேராகத் தொடைக்குப் போய்விட்டது. பட்டுப்புடவைக்கு மேலேயே இதழ்களின் மேடு உள்ளங்கையில் பட்டது. ஐந்து நாள் அடித்த பூ. அதன்மேல் கையை அழுத்த எனக்கு மனசு வரவில்லை. எடுத்துவிட்டேன்.

செழியன் முதல் முடிச்சைப் போட்டான். "நாத்தனார் வாங்கோ" என்றார் ஐயர். நான் குனிந்த அதே நேரத்தில் அத்தை, அப்பாவின் தங்கை, என் இடது கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "வுழுந்துடப் போற கண்ணு, நான் புடிச்சிக்கிறேன்" என்றாள். அத்தைக்கு நல்ல மனசு. ஆனால் என் ஒரு கை போய்விட்டது. இத்தனை நாள் பாடுபட்டு நான் மீட்ட கையை அத்தை எடுத்துக்கொண்டாள்.

"விடுங்க அத்தை" என்றேன். மேளத்தில் கேட்கவில்லை. "விடுங்க அத்தை!" என்று கத்தினேன். நாதஸ்வரக்காரரே திரும்பிப் பார்த்தார். யமுனா முன்னால் வந்தாள். என்னைத் தள்ளிவிட்டுத் தானே போடப் போகிறாள் என்று நினைத்தேன். பாவம், அவளைத் தப்பாக நினைத்துவிட்டேன். அவள் அத்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அத்தையைப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். என்னைச் சுற்றி ஒரு முழம் இடம் கிடைத்தது. யாரும் என்னைத் தொடவில்லை. நான் எதையும் தொடவில்லை, மஞ்சள் கயிற்றைத் தவிர.

இரண்டாவது முடிச்சு. மூன்றாவது முடிச்சு. நிமிர்ந்தேன்.

கீழே முதல் வரிசையில் எனக்காகப் போட்டிருந்த நாற்காலி காலியாக இருந்தது. அம்மா மேடை ஓரத்தில் நின்று புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நடுவில் எங்கோ வெள்ளைச் சட்டையில் மாஸ்டர் இரண்டு கையையும் தூக்கி அட்சதை போட்டார். அவ்வளவு தூரத்திலிருந்து போட்டால் யார்மேல் விழும்? இருந்தாலும் போட்டார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. இதற்குமேல் இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

மத்தியானம் பந்தியில் வினோதினி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். புதுப்பெண்ணுக்கு வெட்கம் கிட்கம் எதுவும் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறாள். எனக்குப் பிடித்துவிட்டது. "அண்ணி, ஒண்ணு கேக்கவா? அவர் முடிச்சுப் போட்டாரா இல்லியா? எனக்குக் கயிறு சுத்தின மாதிரியே தெரியல. நீங்க போட்டப்பதான் தெரிஞ்சுது" என்றாள். எனக்கும் அது தெரியும். குனிந்தபோதே பார்த்தேன். கை நடுக்கத்தில் பையன் முடிச்சைச் சும்மா ஒப்புக்குப் போட்டிருந்தான், இழுத்தால் வந்துவிடும். அதை முதலில் இறுக்கிவிட்டுத்தான் என்னுடையதை ஆரம்பித்தேன்.

இதைச் செழியனிடம் சொல்லப் போவதில்லை, கல்யாண மாப்பிள்ளை பாவம். வினோதினியிடம் மட்டும் சொன்னேன்: "பயப்படாதம்மா. மூணுல ரெண்டு நான் போட்டது. அவுராது."